தெரு நடுவே ஒரு மரம்

ஆரணிக்குள் நான் நுழைந்ததே ஆள்மாறாட்டத்தில்தான். என்னை யாரும் மாற்றி நினைக்கவில்லை. என் மூட்டையைத்தான் மாற்றி நினைத்தார்கள்.

மூட்டை என்றால் ஆளுயரத்துக்கும் கூடுதலான நீளத்தில் ஒரு துணிச்சுருள். பழைய வேட்டியில் சுற்றி இரண்டு முனையிலும் சணல் போட்டுக் கட்டியிருந்தேன். ஆற்காட்டில் பஸ் ஏறியதும் கண்டக்டர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, பாவா?" என்றார். பாவு என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தலையை ஒரு தினுசாக ஆட்டிவைத்தேன்.

அப்புறம் நடந்த உபசாரத்தை என் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை. "பாவு வருது, எடம் விடுங்க!" என்று கண்டக்டர் குரல் கொடுக்க, மூன்று பேர் எழுந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் சுருளின் ஒரு முனையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். பின்சீட்டு அம்மாள் மறுமுனைக்கு முந்தானையை மடித்து அணை கொடுத்தாள். நான்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் தூத்துக்குடியில் கைக்குழந்தையோடு ஏறினால்கூட இவ்வளவு மரியாதை கிடைக்காது.

பாதி வழியில் ஜன்னலோரக்காரர் கேட்டார்: "எந்த வூட்டுக்குப் போவுது?"

"வீட்டுக்கு இல்லங்க. நாடகத்துக்குப் பின்னால தொங்கவிடுத திரை. இனிமேதான் வரையணும்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! சுருள் மடியிலிருந்து காலடிக்கு இறங்கியது. பின்சீட்டு அம்மாள் முந்தானையை உருவிக்கொண்டாள். "இத மொதல்லியே சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னா?" என்றார் அவர். கோபம் ஆறியதும் அவரே விளக்கமும் சொன்னார். "பாவுன்னா பொடவைல நெடுக்கால ஓடற பட்டு நூலுங்க. ஆயிரக்கணக்குல இழை கீது. கசங்கினா போச்சி, நனைஞ்சா போச்சி. அதான் பதறிட்டோம்." நான் அசடு வழியச் சிரித்துவிட்டு இறங்கினேன்.

என் பெயர் அந்தோணி, தொழில் சீன் வரைவது. பள்ளி ஆண்டுவிழா, மாதா கோயில் நாடகம், அம்மன் கோயில் கொடைவிழாவுக்குப் போடும் நாடகம் என்று முப்பது வருஷமாகப் பின்திரை வரைகிறேன். அரண்மனை, காடு, தெரு. இந்த மூன்றையும் கண்ணைக் கட்டிவிட்டாலும் வரைவேன் என்கிற திமிர் எனக்கு உண்டு. ஆரணியிலிருந்து ஷமீம் என்ற பெண் போனில் கூப்பிட்டு, "எங்க கலைக்கூடத்துல மொத நாடகம்ணா. ஒரு தெரு வரைஞ்சு குடுக்கணும்," என்றபோது, இங்கேயே வரைந்து அனுப்பிவிடுகிறேன் என்றேன். "இல்லண்ணா, நீங்க வந்து எங்க தெருவப் பாத்து வரையணும்," என்று பிடிவாதமாக நின்றாள். பார்க்க என்ன இருக்கிறது, தெரு தெருதானே என்று முனகிக்கொண்டுதான் கிளம்பினேன்.

கலைக்கூடம் ஒரு பழைய பள்ளிக்கூடம். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். பள்ளி புது இடத்துக்குப் போய்விட, இது பல வருஷம் பூட்டிக் கிடந்து வௌவால்கள் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. அங்கே படித்தவர்களும் தெருக்காரர்களும் சேர்ந்து கேட்டு வாங்கி, ஓடு மாற்றி, சுண்ணாம்பு அடித்து, பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஷமீம் தையல்காரி; வயது நாற்பது இருக்கும். பழைய ஆபீஸ் அறையில் அவள் தையல் மிஷின், பக்கத்தில் கலைக்கூடத்துச் சாவிக்கொத்து. காலையில் ரவிக்கை தைக்கிறாள், சாயங்காலம் கலையை வளர்க்கிறாள்.

எனக்குப் பிடித்துப்போன விஷயம், வகுப்புப் பெயர்களை யாரும் மாற்றவில்லை. "பறை எங்கம்மா கத்துக்கொடுக்காங்க?" என்று கேட்டால், "ஆறாங்கிளாஸ்ல கீது, போங்க," என்கிறார்கள். ஏழாம் வகுப்பில் சிலம்பம். எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் நாடகம். எனக்குப் படுக்கை தலைமையாசிரியர் அறையில். படித்த காலத்தில் அந்த மாதிரி அறைக்குள் அடி வாங்க மட்டுமே போனவன், இப்போது அதில் கால் நீட்டிப் படுத்தேன். மனசுக்கு ஒரு சின்னத் திருப்தி.

வகுப்புகளுக்கு முன்னால், வாசல் கேட்டிலிருந்து பின்சுவர் வரை, தூண் வரிசையோடு ஒரே நீளமாக வராந்தா ஓடுகிறது. அந்தத் தெருவிலேயே அவ்வளவு நீளமான கூரை வேறு கிடையாது. வராந்தாவின் கடைசியில் மேடை. பார்ப்பவர்கள் பாய் விரித்து வராந்தாவிலேயே உட்காருவார்கள். பின்சுவருக்கு நாலடி முன்னால் குறுக்கே என் திரை தொங்கவேண்டும். அளவெடுத்துக்கொண்டேன்.

மதியம் ஷமீம் பிரியாணி வாங்கித் தந்தாள். எங்கள் பக்கத்துப் பிரியாணிபோல் மசாலா மூக்கில் ஏறவில்லை. அரிசி உதிரி உதிரியாக, கறி வாயில் வைத்ததும் கரைந்தது. தொட்டுக்கொள்ளப் புளிப்பாக ஒரு கத்திரிக்காய். கத்திரிக்காய்க்கும் பிரியாணிக்கும் என்ன உறவு என்று முதலில் முகம் சுளித்தேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். அதற்குமேல் ஆற்காட்டு மக்கன் பேடா. அன்று மாலை தூரிகையைத் தொடவில்லை.

நாடகத்தின் நாயகியை அப்போதுதான் பார்த்தேன். பெயர் கஸ்தூரி. நெசவுக்காரி. எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில், சுவரோரம் கிடந்த மூன்றாவது பெஞ்சைத் தட்டிக்காட்டினாள்.

"இதாங்க என் எடம். அரைப் பரீட்சை எழுதிட்டுப் போனேன். முழுப் பரீட்சைக்கு வரல."

"ஏம்மா?"

"தறில உக்கார ஆள் வேணும்னாரு எங்கப்பா. எனக்கு டீச்சராவணும்னு ஆச. இன்னா பண்றது, ஆச இருந்தா போதுமா?" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலையில் கேட் ஓரம் உட்கார்ந்து திரையில் கரிக்கோட்டில் தெருவை வரைந்தேன். வெளியே தெருவில் ஒரு வீட்டுக்காரர் பாவு நீட்டிக்கொண்டிருந்தார். தெருவின் இந்தக் கோடியிலிருந்து பாதித் தெரு வரை பட்டு இழைகள் இழுத்துக் கட்டியிருந்தன. இரண்டு பக்கமும் அக்கம்பக்கத்தவர் நின்று கஞ்சி தெளித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். ஆட்டோ ஒன்று ஹாரன்கூட அடிக்காமல் பின்வாங்கிப் போனது.

"எல்லாரும் உங்க சொந்தக்காரங்களா?" என்று கேட்டேன், பக்கத்தில் வந்து நின்ற கஸ்தூரியிடம்.

"அய்ய, அந்த வூட்டுக்கும் எதுத்த வூட்டுக்கும் ஆறு மாசமா பேச்சே கெடையாது. ஆனா பாவுன்னா வந்து நின்னுடணும். அதுவும் மழ வந்து 'பாவு நனையுது'ன்னு சத்தம் கேட்டுச்சின்னா, சோத்துல கை வெச்சிருந்தாலும் ஓடணும். பகையாளி பாவா இருந்தாலும் தூக்கணும். இங்க அதான் வழக்கம்."

கேட்டுக்கொண்டேன். கேட்டவன் புத்தியில் அது ஏறியிருந்தால் அன்று மதியம் அந்த அவமானம் வந்திருக்காது. வண்ணம் கொடுத்துத் திரையைத் தொங்கவிட்டதும் நாடகப் பெண்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். வீடுகள் வரிசை, ஓட்டுக்கூரை, தூரத்தில் கோபுரம், தெரு நடுவே கிளை பரப்பிய ஒரு வேப்பமரம். நான் பாராட்டுக்குத் தயாராகத் துண்டை உதறித் தோளில் போட்டேன்.

முதலில் மல்லிகா வாயைப் பொத்தினாள். நாடகத்தில் மீசை ஒட்டிக்கொண்டு கணவனாக நடிக்கும் பெண் இவள். அப்புறம் ஒருத்தி. அப்புறம் எல்லாருமாகச் சிரித்தார்கள் பாருங்கள், தூணில் இருந்த புறா பறந்துவிட்டது.

"இன்னாண்ணா, தெரு நடுவுல மரம் வெச்சிட்டீங்க?" என்றாள் கஸ்தூரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பாவு எப்டி நீட்டறது?"

"இது படம்மா! இதுல யாரு பாவு நீட்டப்போறா?"

"படத்துல கீற ஜனங்க வேற எங்க போய் நீட்டுவாங்க?"

பதில் இல்லாதபோது கோபம் வருவது என் வழக்கம். முப்பது வருஷமாக நான் வரைந்த எந்தத் தெருவிலும் நடுவே மரம் இல்லாமல் இருந்ததில்லை, மரம் இல்லாவிட்டால் தெருவுக்கு ஆழம் வராது, சித்திரம் தெரியாதவர்களுக்குச் சொன்னால் புரியாது என்றெல்லாம் கத்தினேன். மரத்தை எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, முகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்து, வந்து நின்ற முதல் பஸ்ஸில் ஏறினேன். அது படவேட்டுக்குப் போகிற பஸ்.

கோபத்தில் ஏறுகிறவன் திரும்பி வரும் பஸ்ஸைப் பற்றி விசாரிப்பானா? மலையடிவாரத்தில் வாழைத்தோட்டங்களுக்கு நடுவே இறங்கி, மாதா கோயிலுக்குப் போகிறவனானாலும் ரேணுகாம்பாள் கோயிலில் கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு நிறுத்தத்துக்கு வந்தால் பஸ் இல்லை. பூக்காரம்மாள், "இனிமே அஞ்சு மணிக்குத்தான். அதுவும் வந்தா உண்டு," என்றாள். கல்லின்மேல் உட்கார்ந்து இரண்டு வாழைப்பழம் தின்றேன். பசி அடங்கியது, கோபம் அடங்கவில்லை.

அப்போது ஒரு மொபெட் வந்து நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒல்லி மனிதர். என் சட்டையில் இருந்த பச்சை வண்ணத்தைப் பார்த்தார்.

"தெரு நடுவுல மரம் வெச்சவரு நீங்கதானா?"

பேச்சு என்னைவிட வேகமாகப் படவேடு வந்து சேர்ந்திருக்கிறது! "ஆமா, நான்தான்," என்று எரிந்து விழுந்தேன்.

"ஏறுங்க. நம்ம ஊருக்குத்தான் போறேன். நான் ஏகாம்பரம். கஸ்தூரி வூட்டுக்காரன்."

வழியில் அவர் பேசிக்கொண்டே வந்தார். பாதியைக் காற்று கொண்டுபோனது. ஓர் ஏற்றத்தில் மொபெட் மூச்சு வாங்கி நின்றுவிட, இருவரும் இறங்கித் தள்ளினோம். அப்போதுதான் மீதிப் பாதி காதில் விழுந்தது.

"கோயிலுக்கு இன்னாத்துக்கு வந்தேன் தெரியுமா? நாடகம் நல்லபடியா நடக்கணும்னு ஒரு வேண்டுதல. நடக்கவே கூடாதுன்னு இன்னொரு வேண்டுதல. ரெண்டத்தையும் ஒரே சூடத்துல வேண்டிக்கினேன். அம்மா எதக் கேட்டாளோ தெர்ல."

"ஏன் அண்ணாச்சி நடக்கக் கூடாது?"

கொஞ்ச தூரம் தள்ளினார். "அதுல எங்க வூட்டு சமாச்சாரம் ஒண்ணு கீது. ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சது. அத இவ ஊர் நடுவுல ஆடிக் காட்டப் போறா. நான் தெருவுல தல நிமிந்து நடக்க வாணாமா?" பிறகு மொபெட்டைத் தட்டிப் பார்த்து, "இது வேற ஒரு பேஜாரு," என்றார்.

என்ன சமாச்சாரம் என்று நான் கேட்கவில்லை. நல்ல மனிதர். ஆரணி வந்ததும் எனக்கு டீயும் வாங்கிக்கொடுத்தார்.

மூன்றாம் நாள் விடிந்ததிலிருந்து தூறல். காலை இட்லிக்கு வடகறி ஊற்றினார்கள். எங்கள் ஊரில் அதைப் பார்க்கவே முடியாது. கடலைப்பருப்பு வடையை உதிர்த்துப் போட்ட அந்தக் குழம்புக்காகவே இன்னும் இரண்டு நாள் கோபப்படாமல் இருக்கலாம் என்று தோன்றியது. ஒத்திகை நடந்தது. மரம் இருந்த இடத்திலேயே இருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதுதான் இன்னும் உறுத்தியது.

அன்றுதான் அந்தச் சமாச்சாரத்தைப் பார்த்தேன். நாடகம் கஸ்தூரி சொல்லச் சொல்ல எல்லாருமாகச் சேர்ந்து கட்டியது. பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணின் கதை. அவளுக்குக் கல்யாணம் ஆகிறது. கணவன் நெசவில் கெட்டிக்காரன்; ஆனால் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவனில்லை, கைநாட்டு. கூட்டுறவுச் சங்கத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட, இவன் மட்டும் கட்டைவிரலை மையில் அழுத்திவிட்டு, அந்த விரலை வேட்டிக்குள் ஒளித்துக்கொண்டே வீடு வருகிறான். மனைவி அதைப் பார்த்துவிடுகிறாள். ஒன்றும் கேட்கவில்லை. தறிக்காலில் பல்பத்தால் அவன் பெயரின் முதல் எழுத்தை எழுதிவைக்கிறாள். கணவன் வேடத்தில் மல்லிகா அதைப் பார்த்து எழுதிப் பழகுகிறாள். அவ்வளவுதான் காட்சி.

ஒத்திகை முடிந்ததும் கஸ்தூரியைத் தனியாகக் கூப்பிட்டேன். படவேட்டு ஏற்றத்தில் கேட்டதைச் சொன்னேன்.

"அந்த ஒரு சீனை மட்டும் எடுத்துட்டா என்னம்மா? மனுஷன் ரொம்ப வேதனைப்படுதாரு."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். மூன்றாவது பெஞ்ச்.

"டீச்சராவணும்னு நெனச்சேன்ல, அண்ணா? என் ஜென்மத்துல ஒரே ஒருத்தருக்குத்தான் சொல்லிக் குடுத்துகீறேன். அது அவருதான். நான் செஞ்சதுலயே ஒசந்த காரியம் அதான். அத எடுத்துட்டா அப்புறம் எனக்கு இன்னா கீது ஆடறதுக்கு?" என்றாள். "அவரு அத அசிங்கம்னு நெனக்கிறாரு. எனக்கு அதான் பெரும. வந்து ஒருவாட்டி பாத்தார்னா தெரியும். வரமாட்டேங்கறாரே! நாளைக்கு எனக்குப் பாவு கீதுன்னுட்டாரு. இன்னிக்கு மழைல தள்ளிப்போச்சாம், நாளைக்கே நீட்டணுமாம். பாவுன்னா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. நல்ல சாக்குதான் புடிச்சாரு."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி இருந்தது என் நிலைமை.

நான்காம் நாள் வெயில் அடித்தது. பத்து மணி நாடகத்துக்கு ஒன்பதரைக்கே வராந்தா நிறைந்துவிட்டது. கேட்டுக்கு வெளியே, தெருவில், ஏகாம்பரம் பாவை நீட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். உதவிக்கு வந்தவர்கள் நாலே பேர். மற்ற கைகள் எல்லாம் வராந்தாவில் பாயில் உட்கார்ந்திருந்தன. அவர் ஒரு தடவையாவது பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்புகிறாரா என்று பார்த்தேன். திரும்பவில்லை.

நாடகம் நன்றாகவே தொடங்கியது. கஸ்தூரி இரட்டைச்சடை போட்டுப் பள்ளிக்கூடப் பெண்ணாக வந்ததும் கைதட்டல். அப்பா வேடம் போட்டவள் பையைப் பிடுங்கியபோது பாயில் உட்கார்ந்திருந்த பெண்களில் பலர் மூக்கைச் சிந்தினார்கள். கல்யாணக் காட்சியில் மல்லிகாவின் மீசை ஒரு பக்கம் பிரிந்து தொங்க, விசில் பறந்தது. அடுத்தது அந்தக் காட்சி. தறிக்காலுக்குப் பதிலாக ஒரு கறுப்புப் பலகையை மேடைக்குத் தூக்கி வந்து வைத்தார்கள்.

அதே நேரம் பளிச்சென்று இருந்த வெளிச்சம் மங்கியது. ஓட்டில் நாலு சொட்டு விழுந்தது. அடுத்த மூச்சில் சடசடவென்று கொட்டத் தொடங்கியது.

"பாவு! பாவு நனையுது!"

என் ஆயுளில் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் ஒரே ஆளாக எழுந்தார்கள். செருப்பைத் தேடவில்லை. மேடையிலிருந்து மல்லிகா மீசையோடு குதித்தாள். கல்யாணப்பட்டு கட்டியிருந்த கஸ்தூரி மாலையைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். ஆறு மாதமாகப் பேச்சு இல்லாத அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் முட்டிக்கொண்டு ஓடினார்கள். பாவை அப்படியே, ஊடே செருகிய கோல்களோடு, தொய்யவிடாமல் முப்பது நாற்பது கைகள் தூக்கிக்கொண்டன. மேலே போர்வை, பாய், அகப்பட்ட முந்தானை எல்லாம் விரித்து மழையை மறித்தார்கள். கேட் வழியாக அது உள்ளே வந்தது. அந்தத் தெருவில் அந்த நீளத்துக்குக் கூரை உள்ள ஒரே இடம் எங்கள் வராந்தாதான்.

முன்னால் பின்னோக்கி நடந்துவந்தவர் ஏகாம்பரம். பாவின் முன்முனையைத் தாங்கும் தலைக்கோல் அவர் கையில். வராந்தா முழுவதும் வந்தும் பாவு இன்னும் இரண்டு முழம் வெளியே மழையில் நின்றது. மேடையைத் தாண்டிப் பின்சுவர் வரைக்கும் போனால்தான் வால் உள்ளே வரும். குறுக்கே என் திரை.

"அந்தோணியண்ணா, திரைய எடுங்க!" என்று ஷமீம் அலறினாள்.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் தயங்கினேன். அத்தனையும் என் கை உழைப்பு. பிறகு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், ஈரத்தில் இறுகிப்போயிருந்தது. இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து இரண்டு பக்கமும் அறுத்தேன். மரத்தோடு சேர்ந்து தெரு கீழே விழுந்தது. அதன்மேல் மிதித்துக்கொண்டு நிஜத் தெரு உள்ளே வந்தது.

வால்பக்கத்தைக் கேட் தூணில் கட்டினார்கள். தலைப்பக்கத்தில் கட்ட ஒன்றும் இல்லை. கோலில் கயிற்றைப் போட்டு, கயிற்றை ஏகாம்பரத்தின் இடுப்பில் சுற்றிக் கட்டினார்கள். அவர் சுவரில் முதுகை முட்டுக்கொடுத்துச் சாய்ந்து நின்றார். கொஞ்சம் தளர்ந்தாலும் ஈர இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம். ஷமீம் எல்லா வகுப்பிலிருந்தும் மின்விசிறிகளை இழுத்து வந்து ஓடவிட்டாள். ஜனங்கள் பாவுக்கு இரண்டு பக்கமும் வரிசையாக நின்று, கையாலும் துணியாலும் மெல்லத் தேய்த்துக்கொடுத்தார்கள்.

"காய எவ்ளோ நேரமாவும்?" என்று ஷமீம் கேட்டாள்.

"ஒரு மணி நேரமாச்சும் ஆவும்," என்றார் ஒருவர்.

"அப்ப நின்னுகினே பாருங்க. மிச்ச நாடகத்த முடிச்சிடலாம்."

கஸ்தூரி அசையவில்லை. பாவுக்கு அந்தப்பக்கம் கறுப்புப் பலகை, இந்தப்பக்கம் இரண்டடி தூரத்தில் புருஷன். அவளுடைய பட்டு நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நான் அவள் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு முட்டாள் மாதிரி நின்றேன். ஏகாம்பரம் பாவைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னார்.

"ஆடேன். நான் எங்க போப்போறேன்? கட்டிப் போட்டுகீறாங்களே."

கொஞ்சம் பேர் சிரித்தார்கள். கஸ்தூரி என் கையிலிருந்த மாலையை வாங்கிப் போட்டுக்கொள்ளவில்லை, பல்பத்தை எடுத்தாள்.

காட்சி ஆரம்பித்தது. மல்லிகா மைபட்ட விரலை வேட்டிக்குள் ஒளித்தாள். ஜனங்களுக்கு யார் கதை என்று புரிந்துவிட்டது. ஏகாம்பரத்தின் பக்கம் பார்க்கவும் முடியாமல், பார்க்காமல் இருக்கவும் முடியாமல் தவித்தார்கள். அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. இடுப்புக் கயிறு மட்டும் தளரவில்லை. கஸ்தூரி முதல் எழுத்தை எழுதிவைத்தாள். மல்லிகா வந்தாள், பார்த்தாள், பல்பத்தை வாங்கினாள். ஓடிவந்த படபடப்போ என்னவோ, முழுப் பெயரையும் ஒரே இழுப்பில் கடகடவென்று எழுதி முடித்தாள்.

"அவ்ளோ ஜல்தியா வரலம்மா."

சுவரோரத்திலிருந்து வந்தது குரல். மல்லிகா தொங்கும் மீசையோடு திரும்பினாள். தேய்த்துக்கொண்டிருந்த கைகள் நின்றன.

ஏகாம்பரம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்குப் பதினோரு நாள் ஆச்சி," என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

கஸ்தூரி பலகையை விட்டுத் திரும்பி அவரையே பார்த்தாள். அவள் முகத்தில் நாடகம் எல்லாம் போய்விட்டிருந்தது.

"பன்னண்டு," என்றாள். "ஒரு நாள் பல்பத்த ஒடச்சிட்டு எழுந்து போய்ட்டீங்களே, அத வுட்டுட்டீங்க?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "ஆமா," என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "பன்னண்டு நாளுங்க. டீச்சரு கணக்கு தப்பாது."

அப்போது எழுந்த கைதட்டலில் இரண்டு மூன்று பேர் பாவை விட்டுவிடப் போக, "ஏய், புடி! புடி!" என்று நாலாபக்கமும் கத்தல். சிரிப்பும் கத்தலும் ஒன்றாகக் கலந்துபோயின. நான் வாய்விட்டு அழுதேன். அதில் என்ன வெட்கம்? பக்கத்திலிருந்த பகையாளி வீட்டுக்காரர் எனக்குத் துண்டு கொடுத்தார். அது பாவு துடைத்த துண்டு, கஞ்சி வாடை அடித்தது.

மழை விட்டு, பாவு காய்ந்து, அதைச் சுருட்டி ஊர்வலமாக அவர் வீட்டுக்குக் கொண்டுபோனபோது மணி ஒன்று. கஸ்தூரி முன்னால் போனாள். ஏகாம்பரம் இடுப்பைத் தடவிக்கொண்டே பின்னால் போனார். நாளைக்கு அவருக்கு அங்கே கயிற்றுத் தழும்பு இருக்கும்.

மறுநாள் காலையில், வடகறியை ஒரு பிடி பிடித்துவிட்டு, திரையை வராந்தாவில் விரித்தேன். சேறு பட்ட பாதங்கள் ஊர் முழுக்கப் பதிந்திருந்தன. கழுவினேன். வீடுகளுக்கு மறுபடி வண்ணம் கொடுத்தேன். மரத்துக்கு வந்ததும் கொஞ்ச நேரம் தூரிகையோடு உட்கார்ந்திருந்தேன். நல்ல மரம். பிறகு அதன்மேல் மண் நிறத்தை அள்ளிப் பூசி, வேர்வரைக்கும் அழித்தேன்.

பஸ்ஸுக்கு என்னைக் கொண்டுவிட மொபெட்டோடு வந்து நின்ற ஏகாம்பரம் திரைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கண்ணால் ஒருமுறை நிதானமாக அளந்தார்.

"ஆங்," என்றார். "இப்ப நீட்டலாம்."